விபத்தும் முதல் தாளும்

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில் ஓடுவதும் திருச்சி தில்லைநகரில் ஓடுவதும் பெரும்பாலும் ஒரே ஆலைகளில் பிறந்த வண்டிகள்தாம்: பஜாஜ், டிவிஎஸ், ஹீரோ. இடிபட்டு விழுந்த பிறகு நடப்பது மட்டும் கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு மாதிரி, அந்தப் பக்கம் ஒரு மாதிரி.

இலங்கையில் இடித்த கையோடு அழைப்பு போவது காப்புறுதி நிறுவனத்துக்கு. வாகனத்தை அசைக்காதீர்கள், ஆள் வருகிறார் என்பார்கள். பின்னால் வாகனங்கள் வரிசைகட்டி ஹோர்ன் அடித்தாலும் இரண்டு தரப்பும் நடுவீதியில் காத்து நிற்பது அங்கே வழக்கமான காட்சி. நிறுவனம் அனுப்பும் அசெசர் வந்து சாரதி அனுமதிப்பத்திரம், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி அட்டை மூன்றையும் பார்ப்பார். நாலு பக்கமும் படம் எடுப்பார். எந்தத் திசையில் யார் வந்தது என்று ஒரு வரைபடம் கீறுவார். சேதம் சிறிதென்றால் தொகையையும் அந்த இடத்திலேயே பேசி முடிப்பார். பொலிஸ் வந்தாலும் முதலில் கேட்பது, "ரெண்டு பேரும் கதைச்சு முடிக்கிறியளோ, இல்லாட்டி என்ட்ரி போடுறதோ?" என்பதுதான்.

இந்த வசதி முழுக் காப்புறுதி எடுத்தவருக்கே. மோட்டார் சைக்கிள்காரர் பலர் கட்டியிருப்பது சட்டம் கேட்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும். அது இல்லாமல் ஆண்டுக்கொருமுறை வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாது என்பதால் கட்டுகிறார்கள். ஆகவே காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் மோதல் என்றால் அசெசர் காருக்காகத்தான் வருவார். அவர் கீறும் வரைபடம் கார்க்காரர் சொல்வதைக் கேட்டுக் கீறியதாக இருக்கும். விழுந்தவர் அந்த நேரம் அம்புலன்சில் போய்க்கொண்டிருப்பார்.

தமிழ்நாட்டில் வண்டிச் சேதத்துக்காக யாரும் ரோட்டில் காத்திருப்பதில்லை. ஷோரூமுக்குத் தள்ளிக்கொண்டு போய் கிளெய்ம் போட்டால் சர்வேயர் அங்கே வந்து பார்ப்பார். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலையைத் தேய்மானம் என்று கழிப்பார்கள். 'ஜீரோ டெப்' எடுத்திருந்தால் அந்தக் கழிவு இல்லை. இதில் இலங்கை முறை வேகமானது, சந்தேகமில்லை.

உடம்புக்கு அடிபட்டால் கதை தலைகீழ். அந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்காரருக்குக் கையில் வலுவான சட்டம் இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி விபத்து இழப்பீட்டுக்கென்றே தனித் தீர்ப்பாயம் உண்டு. விபத்து எங்கே நடந்திருந்தாலும் காயம்பட்டவர் தான் குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். ஓட்டியவருக்கு லைசன்ஸ் இல்லை என்று காப்பீட்டு நிறுவனம் கை விரித்தாலும், முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடு, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூல் செய்துகொள் என்று தீர்ப்பாயம் உத்தரவிட முடியும். இடித்துவிட்டு ஓடிய வண்டி அகப்படவே இல்லையென்றாலும் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50 ஆயிரம் ரூபாய் என்று 2022 ஏப்ரல் முதல் நடைமுறை. விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் போலீஸ் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும் என்ற விதியும் அதே ஆண்டு வந்ததுதான்.

இவ்வளவும் ஒரு சின்ன வரியில் கவிழ்ந்துவிடக்கூடும். அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் டூட்டி டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதும் வரி அது. வக்கீல்கள் 'ஏ.ஆர். காப்பி' என்பது அதைத்தான். "எப்படி அடிபட்டது?" என்று டாக்டர் கேட்கும்போது காயம்பட்டவருக்கு நினைவிருக்காது. தூக்கிக்கொண்டு வந்தவர், போலீஸ் விசாரணை எதற்கு என்ற பயத்தில், "ஸ்கிட் ஆகி விழுந்துட்டார் சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். 'தானே சறுக்கி விழுந்தது' என்று பதிவாகிவிடும். இருபது நாள் கழித்துக் குடும்பம் ஸ்டேஷனுக்குப் போய், லாரி இடித்தது என்று எப்.ஐ.ஆர். போட்டால், காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் தீர்ப்பாயத்தில் முதலில் தூக்கிக் காட்டுவது அந்த ஏ.ஆர். காப்பியைத்தான். உண்மையிலேயே லாரி இடித்திருந்தாலும் அதன்பின் நிரூபிக்கும் பாரம் காயம்பட்டவர் தலையில் மலையாக ஏறிவிடுகிறது. இத்தனைக்கும் உதவி செய்து கொண்டுவந்து சேர்த்தவரை வழக்கில் இழுக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் தனிப் பிரிவே சேர்த்திருக்கிறார்கள். அதை அவசரப் பிரிவு வாசலில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தாலே எத்தனையோ வழக்குகள் பிழைக்கும்.

ஸ்டேஷனிலும் ஒரு கண்டம் இருக்கிறது. "எதுக்குப்பா கேஸு, கோர்ட்டு? ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கிக்கிட்டுப் போங்க" என்று சொல்லி, புகாருக்கு எப்.ஐ.ஆர். போடாமல் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்புவது. தீர்ப்பாயம் பார்ப்பது எப்.ஐ.ஆர்., ஸ்பாட் வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, காயச் சான்று இவற்றைத்தான். கால் எலும்பு சரியாகக் கூடுமா என்று டாக்டருக்கே தெரியாத மூன்றாம் நாளில் கையெழுத்துப் போட்டுக்கொடுக்கும் சமரசம், ஆறாம் மாதம் மறு ஆபரேஷன் என்னும்போது ஒன்றுக்கும் உதவாது. மனுப் போடுவதற்கு ஆறு மாதக் கெடு என்று 2019 திருத்தம் வைத்தது. அது உச்ச நீதிமன்றம் வரை எதிர்க்கப்பட்டிருக்கிறது. எதிர்ப்பை நம்பி யாரும் நாளைத் தள்ளக் கூடாது.

இலங்கையில் இப்படியொரு தீர்ப்பாயம் கிடையாது. அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்பது பெரிய ஆறுதல். தமிழ்நாடு 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரத்துக்குத் தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமில்லாச் சிகிச்சைக்கு வழிசெய்தது. அந்தச் செலவுக் கவலை இலங்கையில் முன்பிருந்தே குறைவு. 2016இல் இந்திய உதவியோடு தொடங்கி 2018இல் வடக்குக்கு வந்த '1990' இலக்க அம்புலன்ஸ் சேவையும் தமிழ்நாட்டில் உள்ள 108 சேவையின் வார்ப்புதான். ஆனால் வாட்டில் இருந்து வீட்டுக்கு வந்த பிறகு? பொலிஸ் போடும் வழக்கு நீதவான் நீதிமன்றத்தில் நடக்கும். சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டிவிட்டுப் போவார். போன காலுக்கும் போன வேலைக்கும் நட்டஈடு வேண்டுமென்றால் மாவட்ட நீதிமன்றத்தில் ரோமன்-டச்சுச் சட்டத்தின் கீழ் தனி வழக்கு வைத்து, கவனயீனத்தை நிரூபிக்க வேண்டும். அதற்கு இரண்டு வருடக் கெடு. மேசன் வேலை செய்யும் ஒருவர் ஊன்றுகோலோடு அந்த வழக்கை எத்தனை தவணைக்குக் கொண்டு போவார்? பலர் தொடங்குவதே இல்லை.

அந்த வழக்குக்கும் அடிப்படை பொலிஸ் புத்தகத்தில் ஏறிய முதல் வாக்குமூலம்தான். வடக்கு கிழக்கில் அதைச் சிங்களத்தில் எழுதி, வாசித்து விளங்காதவரிடம் ஒப்பம் வாங்குவது நெடுநாள் குறை. தமிழும் அரசகரும மொழி. தமிழில் எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும். கட்டிலில் கிடப்பவர் கேட்க முடியாவிட்டால் பக்கத்தில் நிற்கும் அண்ணனோ மனைவியோ கேட்க வேண்டும். எழுதியதை வாசித்துக் காட்டாமல் ஒப்பம் வைக்கக் கூடாது, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வரவும் கூடாது.

இலங்கைக் காப்புறுதித் துறை ஒரு நெளிந்த பம்பருக்காக அரை மணியில் ஆளை அனுப்பும் திறமை படைத்தது. அதே ஆள் வைத்தியசாலைக்கும் போய்க் காயம்பட்டவரின் சொல்லையும் வரைபடத்தில் சேர்க்கலாம். சட்டம் அதைக் கட்டாயமாக்கலாம். மாவட்டத்துக்கொரு இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அமைப்பதற்கு 1951ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் ஒரு திருத்தம் போதும். மாதிரி வேண்டுமென்றால் பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கம் பல பத்தாண்டு அனுபவத்தோடு ஒன்று நடந்துகொண்டிருக்கிறது.