கரடி உடம்பும் உழைப்பாளி சட்டையும்

எந்த உடம்பு அழகு, எது அசிங்கம் என்று தீர்மானிக்கிறது யார்? லெஸ் ரைட் தொகுத்து 1997இல் வெளிவந்த 'தி பேர் புக்' என்ற ஆங்கிலக் கட்டுரைத் தொகுப்பை இந்தக் கேள்வியோடுதான் படித்தேன். அமெரிக்காவில் தன்பாலீர்ப்புள்ள ஆண்களுக்குள்ளேயே தொப்பையும் தாடியும் உடம்பெல்லாம் மயிருமாக இருக்கிறவர்கள், தங்களைக் 'கரடி' என்று அழைத்துக்கொண்ட வரலாறு அது.

வெளியே ஊர் ஒதுக்குது. உள்ளே வந்தா தன் ஆளே ஒதுக்குறான். பத்திரிகை அட்டையில் மழித்த மார்பு, ஒட்டிய வயிறு, இளவயசு. இது எதுவும் இல்லாதவன் சட்டையைக் கழற்றவே கூசினான். இந்தச் சூழலில்தான் 1987இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் ரிச்சர்ட் பல்ஜரும் கிறிஸ் நெல்சனும் 'பேர்' பத்திரிகையை, ஜெராக்ஸ் எடுத்த சிற்றிதழாகத் தொடங்கினார்கள். 1989இல் அதே நகரத்தில் லோன் ஸ்டார் சலூன் என்ற மதுக்கடை இவர்கள் கூடுகிற இடமாயிற்று. எய்ட்ஸ் ஆட்களை வாரிக்கொண்டு போன காலம். இளைத்த உடம்பைக் கண்டாலே சாவு பயம். அப்போது பருத்த உடம்பு, 'நான் உயிரோடு இருக்கேன்' என்று சொல்கிற உடம்பாகவும் ஆனது. ஒதுக்கப்பட்டவன் தன் உடம்பைத் தானே படம் பிடித்து, தானே அச்சடித்து, தானே ரசித்தான். இது சின்ன காரியமில்லை.

ஆனால் தொகுப்பில் முக்கியமான கட்டுரை என்று நான் நினைப்பது எரிக் ரோஃப்ஸ் எழுதியது. படித்து, பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கிற நடுத்தர வர்க்கத்தான், உழைக்கிற ஆணின் உடம்புமேல் கொள்கிற ஆசையை அவர் விசாரணைக்கு எடுக்கிறார். அந்த இழையை நாம் இன்னும் இழுக்கலாம். கட்டம் போட்ட ஃப்ளானல் சட்டை, கனத்த பூட்ஸ், தொப்பி: எல்லாம் மரம் வெட்டுறவன், லாரி ஓட்டுறவன் உடுப்பு. அவனுக்கு அது குளிருக்கும் வேலைக்கும் போடுற துணி. இவனுக்கு சனிக்கிழமை ராத்திரி அலங்காரம். அவன் இடுப்பு வலியும் கூலியும் படத்தில் வராது.

இன்னொன்று. 'நிஜ ஆம்பளை' என்ற பேச்சு வந்ததுமே நளினமான ஆண் கீழே தள்ளப்படுகிறான். பிறகு 'மிஸ்டர் பேர்' பட்டப் போட்டிகள் வந்தன. ஜிம்மில் உடம்பை முறுக்கிய 'மசில் பேர்' மேலே ஏறிக்கொண்டான். நிஜமாகவே குண்டாக இருக்கிறவன் மறுபடியும் ஓரத்துக்குப் போனான். 1995இல் கிரெய்க் பிர்ன்ஸ் வடிவமைத்த கரடிக் கொடியில் பழுப்பு முதல் கறுப்பு வரை பல நிறப் பட்டைகள் உண்டு. ஆனால் அட்டைப்படங்களில் பெரும்பாலும் வெள்ளைத் தோல்தான்.

வெட்கத்தைக் கழட்டிப் போட்ட உடம்புக்கு என் மரியாதை உண்டு. ஆனா ஒல்லியானவனையும், நளினமானவனையும், கறுப்புத் தோல்காரனையும், அந்தச் சட்டையை வேலைக்குன்னே போடுறவனையும் படத்துக்குள்ள கூப்பிடாத வரைக்கும் ஆரம்பிச்ச வேலை பாதியிலதான் நிக்குது.