கதைநேரமும் கருப்பொருளும்

ஒக்டோபர் மாதம் பிறந்துவிட்டால் நமது நூலகங்கள் சுறுசுறுப்படைந்து விடுகின்றன. 2004ஆம் ஆண்டு முதல் தேசிய வாசிப்பு மாதமாக அனுஷ்டிக்கப்பட்டுவரும் இம்மாதத்தில் கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி, புத்தகக் கண்காட்சி என்பவற்றோடு முன்பள்ளிப் பிள்ளைகளுக்கான கதைநேரமும் பல இடங்களில் நடைபெறுகின்றது. பிள்ளைகள் வரிசையாக அழைத்துவரப்படுகிறார்கள். பாய் விரிக்கப்படுகிறது. ‘மழை’, ‘மிருகங்கள்’, ‘மரக்கறிகள்’, ‘வாகனங்கள்’ என ஏதாவது ஒரு கருப்பொருள் தெரிவுசெய்யப்பட்டு அதற்கேற்ப ஒரு கதை, இரண்டு பாட்டு, நிறந்தீட்ட ஒரு படம் என்று அரை மணி நேரம் கழிகின்றது.

நாவலையும் சிறுகதையையும் புதுக்கவிதையையும் அலசும் ஓர் இலக்கிய ஏட்டில் இதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். நான்கு வயதுப் பிள்ளைக்கு வாசிக்கப்படும் கதையும் பாட்டும் இலக்கியந்தான் என்பது என் எண்ணம். இவ்வேட்டை நாளை வாசிக்கப் போகிறவனும் எழுதப் போகிறவளும் அந்தப் பாயிலேயே அமர்ந்திருக்கிறார்கள். ஆனால் அங்கே என்ன வாசிக்கப்படுகிறது, ஏன் அது தெரிவுசெய்யப்பட்டது என்று கேட்பார் எவருமில்லை. வயதுவந்தோருக்கான நூலொன்றுக்கு நான்கு மதிப்புரைகள் வருகின்றன; பிள்ளைக்குப் பாடப்படும் பாட்டுக்கு ஒன்றுகூட வருவதில்லை.

இந்தக் கருப்பொருள் முறை நமக்கு மேற்கிலிருந்து வந்தது. அமெரிக்கப் பொது நூலகங்களில் கதைநேரத்திற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1906இல் நியூயோர்க் பொது நூலகத்தின் சிறுவர் பகுதிக்குப் பொறுப்பேற்ற ஆன் கரோல் மூர் அம்மையாரின் காலத்தில் அது ஓர் இலக்கிய நிகழ்வாகவே கருதப்பட்டது. மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றிவைத்து, கையில் புத்தகமின்றி, மனதில் ஊறிய கதையை ஒருவர் சொல்லுவார். அதே நூலகத்தில் பின்னாளில் கதைசொல்லலுக்குப் பெயர்பெற்று, 1961இல் சிறுவர் சேவைகள் முழுவதற்கும் இணைப்பாளராக உயர்ந்த கறுப்பினப் பெண்மணியான ஒகஸ்ரா பேக்கரும் அந்த மரபில் வந்தவரே. அங்கே கதைசொல்லியிடம் கேட்கப்பட்ட கேள்வி, “உனக்குப் பிடித்த கதை எது?” என்பதாகும்.

பள்ளிக்கூடம் போகாத சிறு பிள்ளைகளும் நூலகத்திற்கு அழைத்துவரப்பட்டபோது இந்த அமைப்பு மாறிற்று. மூன்று வயதுப் பிள்ளை நீண்ட கதைக்கு அசையாமல் இருக்காது. எனவே வரவேற்புப் பாட்டு, படப் புத்தகம், விரல் விளையாட்டு, பிளனல் பலகையில் ஒட்டும் உருவங்கள், இன்னொரு புத்தகம், கைவேலை என நிகழ்ச்சி துண்டு துண்டாக அமைந்தது. துண்டுகளைக் கோக்க ஒரு நூல் தேவைப்பட்டது. அந்த நூல்தான் கருப்பொருள்.

நூல் இருப்பதில் தவறில்லை. ‘வாத்து’ என்ற சொல் கதையிலும் வந்து, பாட்டிலும் வந்து, பலகையிலும் வந்தால் பிள்ளையின் மனதில் அது பதியும். குறைந்த கொடுப்பனவோடு, பயிற்சிக்கு வாய்ப்புமின்றி முப்பது பிள்ளைகளை மேய்க்கும் நமது முன்பள்ளி ஆசிரியைக்கு, நாளைக்கு என்ன செய்வது என்ற கவலையையும் அது குறைக்கும். நமது ஆரம்பப் பிரிவுக் கலைத்திட்டமும் கருப்பொருள்களின் வழியேதான் நடக்கிறது என்பதால் இம்முறையை ஒரேயடியாகத் தூக்கியெறியுமாறு நான் சொல்லவில்லை. என் முறைப்பாடு வேறு. மாலை கட்டுகிறவர்கள் பூவைப் பார்க்காமல் நூலைப் பார்க்கிறார்கள்.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் சிபில் வெத்தசிங்க அம்மையாரின் (1927–2020) ‘குட ஹொரா’. குடைக் கள்ளன் என்று பொருள்படும் இந்நூல் 1956இல் சிங்களத்தில் வெளிவந்து, பின்னர் பல மொழிகளுக்குச் சென்றது. இந்நாட்டின் படப் புத்தகங்களில் இதற்கு நிகராகச் சொல்ல அதிகமில்லை என்பேன். குடையையே கண்டிராத ஒரு கிராமம். மழை வந்தால் வாழையிலை, சேம்பிலை, சாக்கு என்று கிடைத்ததைத் தலையில் கவிழ்க்கும் மனிதர்கள். பட்டணம் போன கிரி மாமா அங்கே குடையைக் கண்டு வியந்து ஒன்றை வாங்கி வருகிறார். ஊர் திரும்பியதும் குடையை மதிலில் வைத்துவிட்டுக் கடையில் கோப்பி குடிக்கிறார். வெளியே வந்து பார்த்தால் குடையைக் காணோம். மறுபடி வாங்குகிறார், மறுபடி காணோம். கடைசியில் மடித்த குடைக்குள் கடதாசித் துண்டுகளைப் போட்டு வைக்கிறார். குடை களவு போகிறது. துண்டுகள் வழியெங்கும் சிந்திக் கிடக்கின்றன. அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு மரம், மரமெல்லாம் குடைகள். ஒன்றை மட்டும் கள்ளனுக்கென விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்துவந்து ஊரிலே குடைக் கடை போடுகிறார். கள்ளனோ ஒரு குரங்கு.

வாசிப்பு மாத நிகழ்ச்சியொன்றில் இந்தக் கதை ‘மழை’ என்ற கருப்பொருளின் கீழ்ச் சொல்லப்பட்டதை அண்மையில் இருந்து பார்த்தேன். படத்திலே குடை இருந்தது. ஆகவே மழைக்குரிய கதையென அது தெரிவாகியிருந்தது. ஆசிரியை அன்பானவர், குரலும் நல்ல குரல். ஆனால் முதற் குடை வந்த பக்கத்திலேயே கதை நின்றுவிட்டது. “மழை வந்தா எதப் புடிக்கணும்?” “குடை!” “மழையில நனைஞ்சா என்ன வரும்?” “காய்ச்சல்!” சுகாதாரப் பாடம் கால் மணி நேரத்தை விழுங்கியது. பிறகு ஒரு பாட்டு, பிறகு நிறந்தீட்டக் குடைப் படம். இரண்டு மூன்று பக்கங்கள் தாவிப் புரட்டப்பட்டுப் புத்தகம் மூடப்பட்டது. நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் செருப்புப் போடும்போது ஒரு பெண்பிள்ளை, “அப்ப கள்ளன் யாரு டீச்சர்?” என்று கேட்டாள். பஸ் வந்துவிட்டது.

அந்தப் பிள்ளைதான் அன்றைய ஒரேயொரு விமர்சகர். கதை மழையைப் பற்றியதன்று என்று அவள் கண்டுகொண்டாள். தொலைத்தல், திரும்பவும் தொலைத்தல், தடம் பிடித்துத் தேடுதல், கண்டெடுத்தல்: இவைதான் அக்கதையின் உடல். மூன்றாம் முறை குடை காணாமற்போகும்போது பிள்ளைகள் தாமாகவே “காணல்ல!” என்று கத்தியிருப்பார்கள். அதற்கான இடத்தை நூலாசிரியை ஒதுக்கி வைத்திருக்கிறார். கடதாசித் துண்டுகள் சிந்திய பக்கத்தில் பிள்ளையின் விரல் தானாகவே ஊர்ந்து போகும். அந்த விரல் நகர்வு எழுத்து வாசிப்பின் முதற் பயிற்சி என்றுகூடச் சொல்லலாம். ஒன்றைக் கள்ளனுக்காக விட்டுவைத்த கிரி மாமாவின் மனசு வேறு இருக்கிறது. அதை யாரும் விளக்கத் தேவையில்லை.

எனவே நான் முன்வைக்க விரும்புவது இதுதான்: சிறு பிள்ளைக்குக் கருப்பொருள் பெயர்ச்சொல்லாக இருக்கலாகாது, வினைச்சொல்லாக இருக்க வேண்டும். ‘குடை’ பிள்ளையை எங்கும் கொண்டுபோகாது. ‘ஒளித்தல் – தேடுதல்’ கொண்டுபோகும். அந்த வினையை எடுத்துக்கொண்டால் ‘குட ஹொரா’வும் வரும், ஒளித்துப் பிடித்து விளையாடலும் வரும், கைகளை மறைத்துக் காட்டும் விரல் விளையாட்டும் வரும். நூலகத்துக்குள்ளேயே கடதாசித் துண்டுகளைச் சிந்தி அடுத்த புத்தகத்தைப் பிள்ளைகளே கண்டெடுக்கவும் செய்யலாம். கதையின் ஓட்டமே நிகழ்ச்சியின் ஓட்டமாகிவிடும்.

எரிக் கார்லின் பெரும்பசிக் கம்பளிப் புழுக் கதையும் (1969) இவ்வாறு அல்லற்படும் ஒன்று. வண்ணத்துப்பூச்சி, பழங்கள், எண்கள், வாரத்தின் நாட்கள் என எந்தக் கருப்பொருளுக்கும் அதை இழுத்துப் பொருத்துகிறார்கள். (‘கம்பளிப் புழு’ நமக்குப் புத்தகச் சொல். நமது பக்கத்துச் சொல்லான ‘மயிர்க்கொட்டி’யைப் போட்டால் பிள்ளைகள் சொறிந்துகொண்டு எழுந்து ஓடிவிடுவார்கள் என்பதும் உண்மைதான்.) பழங்களின் பெயரைச் சொல்லிக் கொடுக்க அந்த நூல் தேவையில்லை, சந்தை போதும். அந்நூலின் உயிர் பக்கங்களில் உள்ள துளைகளில் இருக்கிறது. ஒரு பழத்துக்குச் சிறிய பக்கம், இரண்டு பழத்துக்குச் சற்று அகன்ற பக்கம் எனப் பசியோடு தாளும் வளர்கிறது. பிள்ளை துளைக்குள் விரலை விட்டுப் புழுவாகவே மாறிவிடுகிறது. கதையில் வரும் மேல்நாட்டுத் தின்பண்டங்கள் நம் பிள்ளைக்கு விளங்காதே என்று கவலைப்படுகிறவர்கள் பசி விளங்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

19ஆம் நூற்றாண்டில் ருஷ்யாவில் அபனாசியேவ் தொகுத்த நாட்டார் கதைகளில் ஒன்றான பெரிய கிழங்குக் கதையும் அப்படித்தான். அதை ‘மரக்கறிகள்’ என்ற பெட்டியில் போட்டு, டேர்னிப் படத்தைக் காட்டி, அதிலுள்ள விற்றமின்களைச் சொல்லுகிறார்கள். தாத்தா இழுக்க, பாட்டி இழுக்க, பேத்தி இழுக்க, நாயும் பூனையும் இழுத்துப் பார்த்தும் வராத கிழங்கு எலியும் வந்து பிடித்ததும் வந்துவிடுகிறது என்பதல்லவா கதை? ‘சேர்ந்து இழுத்தல்’ என்ற வினையே அதன் கருப்பொருள். மரவள்ளி பிடுங்கும்போது வாப்பாவின் இடுப்பைப் பிடித்து இழுத்த பிள்ளைக்கு இந்தக் கதை ருஷ்யக் கதையே அல்ல. கிழங்கை மரவள்ளியாக மாற்றிச் சொன்னாலும் கதைக்கு ஒரு குறையும் வராது. எலியை மட்டும் மாற்றாதீர்கள்.

இனிப் பாட்டுக்கு வருவோம். நிலைமை இங்கேதான் மிக மோசம்.

மேற்குறிப்பிட்ட ‘மழை’ நிகழ்ச்சியில் பாடப்பட்டது, மழையைப் போய்விட்டு வேறொரு நாள் வரும்படி கேட்கும் பிரபலமான ஆங்கிலப் பாட்டு. நனைந்த நாட்கள் அதிகமுள்ள தேசத்தில், வெளியே விளையாட முடியாத பிள்ளைக்கு அது நியாயமான வேண்டுகோள். நமது கிழக்கில் ஒக்டோபர் என்பது பெரும்போகத்துக்கு வயலைத் தயார்செய்துவிட்டு வானத்தைப் பார்த்திருக்கும் மாதம். மழை பிந்தினால் ஊர் கூடி மழைத் தொழுகை நடத்துகிறவர்களின் பிள்ளைகள், கையை அசைத்து அசைத்து மழையைப் போகச் சொல்லிப் பாடுகிறார்கள்! பாட்டும் ‘மழை’, கருப்பொருளும் ‘மழை’. பெயர்ச்சொல் பொருந்திவிட்டது, வினை முரண்பட்டுவிட்டது.

இதற்கு மாற்றாக ஆங்கிலப் பாட்டுகளைத் தமிழில் பெயர்த்துப் பாடும் வழக்கமும் உண்டு. அதுவும் பெரும்பாலும் சறுக்குகிறது. காரணம் ஓசையில் இருக்கிறது. ஆங்கிலப் பிள்ளைப் பாட்டின் மணி அடியின் கடைசியில் அடிக்கிறது. தமிழ்ப் பாட்டின் மணி அடியின் தொடக்கத்தில், எதுகையிலும் மோனையிலும் அடிக்கிறது. பெயர்ப்பவர்கள் மெட்டுக்குச் சொல்லை வெட்டிப் பொருத்தி, கடைசியில் ‘தே’ ‘தே’ என்றோ ‘ஆம்’ ‘ஆம்’ என்றோ முடித்துவிட்டுப் பாட்டாயிற்று என்கிறார்கள். பிள்ளைக்கு அதில் பிடித்துக்கொள்ள எதுவுமில்லை.

பாட்டு வாசிப்புக்கு உதவும் என்பது இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து. அமெரிக்க நூலகர்கள் 2011 முதல் பெற்றோருக்குப் பேசுதல், பாடுதல், வாசித்தல், எழுதுதல், விளையாடுதல் என ஐந்தைச் சொல்லி வருகிறார்கள். (ஐந்தும் வினைகள் என்பதைக் கவனிக்கவும்.) பாடும்போது சொல் மெதுவாகி அதன் துண்டுகள் தனித்தனியே கேட்கின்றன என்பதே அவர்கள் கூறும் காரணம். தமிழ்ப் பிள்ளைக்கு இதில் கூடுதல் இலாபம் உண்டு. ‘குடை’ என்று கைதட்டிப் பாடினால் தட்டு இரண்டு, எழுத்தும் இரண்டு. நமது உயிர்மெய்யெழுத்து, வாயால் ஒரே தடவையில் சொல்லும் ஒலித்துண்டையே காட்டுவதால், தாளத்தோடு பாடிய பிள்ளை எழுத்துக்குப் பாதி வழி வந்துவிடுகிறது. இந்த வசதியைக் கையில் வைத்துக்கொண்டு, சொல்லின் அசையைச் சிதைக்கும் மெட்டுகளை ஏன் பாட வேண்டும்?

பாட்டு இல்லாமலா இருக்கிறது? நவாலியூர் சோமசுந்தரப் புலவர் தாடியறுந்த வேடனையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் பாட்டிலேயே கதையாக்கித் தந்திருக்கிறார். வெருளிப் பாட்டைப் பாடினால் ஒரு பிள்ளை கையை விரித்து வெருளியாக நிற்கும். நிற்பதும் பயப்படுவதும் பயந்தெளிவதும் அதற்குள்ளேயே உண்டு. நமது கிராமங்களில் ராராட்டு இருக்கிறது, வயலிலும் வாடியிலும் பிறந்த கவிகள் இருக்கின்றன. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் அவற்றைத் தேடித் தொகுத்திருக்கிறார்கள். அத்தொகுதிகள் ஆய்வாளரின் அலுமாரியில் இருக்கின்றன. சிறுவர் பகுதிக்கு அவை வரவில்லை. எல்லாக் கவியும் பிள்ளைக்குப் பொருந்தாது, காதற்கவிகளே அதிகம் என்பதை நானறிவேன். எனினும் தாலாட்டையும் விளையாட்டுப் பாட்டையும் விடுகதையையும் தெரிந்தெடுத்து, பெரிய எழுத்திலும் பெரிய படத்திலும் முப்பது பக்கத்தில் அச்சிட நமது எழுத்தாளர் அமைப்புகளுக்கு முடியாததா? வெளியீட்டு விழாவில் பொன்னாடை இரண்டைக் குறைத்தால் போதும்.

இன்னொன்று. கதைநேரத்திற்குப் பிள்ளையோடு வரும் உம்மாவும் உம்மும்மாவும் வெளியே மர நிழலில் காத்திருக்க வைக்கப்படுகிறார்கள். ராராட்டுத் தெரிந்தவர்கள் வெளியே இருக்க, உள்ளே ஆங்கிலப் பாட்டு ஒலிநாடாவிலோ தொலைபேசியிலோ ஓடுகிறது. அவர்களை உள்ளே அழைத்துப் பாயிலே இருத்தினால் செலவும் இல்லை, பயிற்சியும் தேவையில்லை.

நூலகரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. கருப்பொருளுக்கு ஒன்றாகப் பத்துப் புத்தகம் தேடுவதைவிட, நல்ல புத்தகம் ஒன்றை எடுத்து நான்கு வாரம் வாசிக்கலாம். பிள்ளைகளுக்குச் சலிப்பதில்லை, சலிப்பு நமக்குத்தான். முதல் வாரம் கேட்பார்கள், இரண்டாம் வாரம் முந்திக்கொண்டு சொல்வார்கள், நான்காம் வாரம் புத்தகத்தைப் பறித்து அவர்களே ‘வாசிப்பார்கள்’. ஒக்டோபர் முதல் வெள்ளிக்குப் பதில் முதல் சனியில் ‘குட ஹொரா’வைத் தொடங்கினால் மாதம் முடியுமுன் கள்ளன் யாரென்று அந்தப் பெண்பிள்ளைக்கும் தெரிந்துவிடும்.