தேன் குப்பிக்கு முன்னால் ஒரு ரிஃப்ராக்டோமீட்டர்

காதி கிராப்ட், சர்வோதய சங்கம், கூட்டுறவுச் சங்கம் என்று பெயர்ப்பலகை மாட்டிய கடைகளில் எதை வாங்கிப் பார்க்கலாம் என்று கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வருகிறவர்கள் கேட்டால், சொல்ல வேண்டிய பட்டியல் நீளமானதல்ல. மார்த்தாண்டத்து ரப்பர் தேன், பனங்கருப்பட்டி, தேங்காய் எண்ணெய், மலைக் கிராம்பு. இந்த நான்கில் முதல் இடம் தேனுக்குத்தான். அதிகம் சந்தேகத்துக்கு ஆளாவதும் அதுதான். அந்தச் சந்தேகத்தைத் தீர்த்து வைப்பதாகச் சொல்லி இணையக் கடைகளில் ஒரு கருவி விற்கிறது. ஏறக்குறைய ஒரு சாண் நீளமுள்ள உலோகக் குழல், ஒரு முனையில் சாய்வான கண்ணாடிப் பட்டகம், மறுமுனையில் கண் வைத்துப் பார்க்கும் துளை. பெயர் கைப்பிடி ரிஃப்ராக்டோமீட்டர். சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது, பேட்டரி கிடையாது, பழுதாகும் பாகமும் அதிகமில்லை. விளம்பரத்தில் ‘தேனின் தூய்மையைக் கண்டறியும்’ என்று போட்டிருப்பார்கள். அந்த ஒரு வரியைத் தவிர மற்றபடி நல்ல கருவி. வீட்டுக்கு வாங்க வேண்டியதில்லை. தேன் விற்கும் கடையில் இல்லாமல் இருக்கக் கூடாது.

வேலை செய்யும் விதம் எளிமையானது. மூடியைத் தூக்கிப் பட்டகத்தின் மேல் இரண்டு சொட்டுத் தேன் விட்டு, காற்றுக்குமிழ் சிக்காமல் மூடியை அழுத்தி, அரை நிமிடம் பொறுத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் வட்டத்துக்குள் மேல்பாதி நீலமாகவும் கீழ்ப்பாதி வெள்ளையாகவும் தெரியும். இரண்டும் சந்திக்கும் கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் அளவு. தேனுக்கென்று வரும் கருவியில் மூன்று அளவுகோல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்: சர்க்கரை அளவைச் சொல்லும் பிரிக்ஸ் 58 முதல் 90 வரை, போமே 38 முதல் 43 வரை, நீரின் சதவீதம் 12 முதல் 27 வரை. நமக்கு வேண்டியது மூன்றாவது. சர்க்கரை அடர்ந்த திரவத்தில் ஒளி அதிகமாக வளையும், நீர் கூடினால் வளைவு குறையும். இவ்வளவுதான் உள்ளே நடக்கிற விஷயம். தேனில் நீர் ஒரு சதவீதம் கூடினால் ஒளிவிலகல் எண் சுமார் 0.0025 இறங்குகிறது. கோடு மங்கலாகத் தெரிந்தால் குறை பெரும்பாலும் தேனிடம்தான். உறையத் தொடங்கிய தேனில் நுண்ணிய படிகங்கள் ஒளியைச் சிதறடிக்கும். குப்பியை இறுக மூடி வெதுவெதுப்பான நீரில் வைத்து முழுக்க இளகவிட்டு, ஆறிய பிறகு பார்த்தால் கோடு கத்தி வெட்டியதுபோல் நிற்கும்.

கடலோரத்தில் இந்தக் கருவிக்கு ஒரு பலவீனம் உண்டு. வெப்பத்துக்கு ஏற்பத் தானே திருத்திக்கொள்ளும் என்று எழுதியிருப்பார்கள். அந்தத் திருத்தம் வழக்கமாக 10 முதல் 30 டிகிரி வரைதான். இராஜாக்கமங்கலத்தில் பங்குனி, சித்திரை மாதங்களில், தகரக் கூரை போட்ட கடைக்குள் 30 டிகிரி என்பது காலை ஒன்பது மணிக்கே கடந்துபோகிற எண். திருத்தம் வேலை செய்யாத இடத்தில் 10 டிகிரி கூடினால் நீர் ஏறக்குறைய ஒரு சதவீதம் அதிகமாகக் காட்டும். அதாவது நல்ல தேனும் தண்ணித் தேனாகத் தெரியும். ஆகவே விடியற்காலையில் அல்லது மின்விசிறிக்குக் கீழே கருவியையும் தேனையும் ஒரு மணி நேரம் ஒன்றாக வைத்துவிட்டுப் பார்ப்பது நல்லது. இன்னொன்று, பூஜ்ஜியம் சரிபார்ப்பது. சாதாரண பிரிக்ஸ் கருவியைத் தண்ணீர் வைத்துச் சரிபார்க்கலாம். இதன் அளவுகோல் 58-இல் தொடங்குவதால் தண்ணீர் இங்கே உதவாது. கூடவே வரும் அளவுத் துண்டையும் அதற்குரிய எண்ணெயையும் பயன்படுத்த வேண்டும். அவை தொலைந்துபோனால் தூய ஆலிவ் எண்ணெய் 71, 72 பிரிக்ஸ் அருகே காட்டும் என்பதை வைத்து ஓரளவு ஒப்பேற்றலாம். ஒருமுறை கூடச் சரிபார்க்காத கருவி காட்டும் எண்ணை நம்பி யாரோடும் சண்டைக்குப் போகக் கூடாது.

இனி பெரிய கேள்வி: இது தூய்மையைச் சொல்லுமா? சொல்லாது. இந்தத் தேன் எப்படி உருவாகிறது என்று பார்த்தால் காரணம் புரியும். குலசேகரம், திருவட்டார், அருமனை பக்கத்து ரப்பர் மரங்கள் மார்கழி, தையில் இலை உதிர்த்து, தை கடைசியிலிருந்து பங்குனி வரை தளிர்விடுகின்றன. ரப்பர் இலை மூன்று சிற்றிலைகளாகப் பிரிகிற இடத்தில், காம்பின் நுனியில், சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. தளிர்க்காலத்தில் அவற்றில் இனிப்பு நீர் ஊறும். அடுக்குத் தேனீ அதைத்தான் சேகரிக்கிறது. அதாவது இந்த மாவட்டத்தின் முதன்மையான தேன் பூவிலிருந்து வருவதில்லை. இதனால் மகரந்தம் குறைவு. மகரந்தத்தை எண்ணிப் பார்த்துத் தரம் சொல்லும் முறை இதற்கு அவ்வளவாகப் பொருந்தாது. குளுக்கோஸ் கூடுதல் என்பதால் சீக்கிரம் உறையும். உறைந்த குப்பியைச் ‘சீனி கலந்தது’ என்று திருப்பிக் கொடுக்கிற வாடிக்கையாளர் நல்ல தேனைத்தான் திருப்பிக் கொடுக்கிறார். ரப்பர் மரத்தின் இனிப்பு நீர் வரத்து வேகமாக இருக்கும் வாரங்களில் தேனீக்கள் அறைகளை முழுக்க மூடுவதற்குள்ளேயே அடையைச் சுழற்றித் தேன் எடுத்துவிடுவதும் உண்டு. அப்படி எடுத்ததில் நீர் 22, 23, சில சமயம் 25 சதவீதம் வரை இருக்கும். ஆனால் அரிசியிலிருந்தோ சோளத்திலிருந்தோ ஆலையில் காய்ச்சிய சர்க்கரைப் பாகை 18 சதவீத நீரில் நிறுத்துவது ஆலைக்காரருக்கு மிகச் சுலபம். ஆகப் பட்டகத்தின் மேல் போலி முழு மதிப்பெண் வாங்கும், மலையிலிருந்து வந்த அசல் தவறிப்போகும். இப்படிப்பட்ட கருவியைத் தூய்மை காட்டும் கருவி என்று விற்பது வாங்குகிறவரை ஏமாற்றுவதற்குச் சமம்.

2020 டிசம்பரில் தில்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 நிறுவனங்களின் தேனைச் சோதித்து, ஜெர்மன் ஆய்வகத்தில் நடந்த என்எம்ஆர் (அணுக்காந்த ஒத்ததிர்வு) சோதனையில் 3 மட்டுமே தேறின என்று அறிவித்தது. நிறுவனங்கள் மறுத்தன. யார் பக்கம் நியாயம் என்பது இங்கே நமக்கு முக்கியமில்லை. கரும்பு, சோளப் பாகைக் காட்டிக்கொடுக்கும் கார்பன் ஐசோடோப்புச் சோதனையில் அரிசிப் பாகு தப்பிவிடுகிறது. அதைப் பிடிக்க விலை மிகுந்த ஆய்வக எந்திரம் வேண்டும் என்றால், கையில் பிடிக்கும் குழல் அதைச் செய்யும் என்று எதிர்பார்ப்பதற்கு இடமேயில்லை.

அப்படியானால் எதற்கு இந்தக் கருவி என்று கேட்பது நியாயம். பதில், நம்மூரில் காலகாலமாக நடக்கிற வீட்டுச் சோதனைகளில் இருக்கிறது. தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் போய் உட்கார வேண்டும், விரல் நகத்தில் வைத்தால் ஓடக் கூடாது, காகிதத்தில் ஊறக் கூடாது, தீக்குச்சியை நனைத்து உரசினால் பற்ற வேண்டும். இவை எல்லாம் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சோதிக்கின்றன: தேன் எவ்வளவு கெட்டி, அதாவது நீர் எவ்வளவு குறைவு. நல்ல கெட்டிப் பாகு இந்த நான்கிலும் தேறும். எறும்பு மொய்க்காது என்பதும் நாய் நக்காது என்பதும் அந்த அளவுகூடப் பொருளில்லாத பேச்சு. ஆக, நகமும் தீக்குச்சியும் உத்தேசமாகச் சொல்வதையே ரிஃப்ராக்டோமீட்டர் எண்ணாகச் சொல்கிறது. உத்தேசத்தை வைத்து வழக்காட முடியாது. எண்ணை வைத்து முடியும். மேலும், தேனைப் பொறுத்தவரை நீர் சின்ன விஷயமில்லை. 17, 18 சதவீதத்துக்குள் இருந்தால் வருடக்கணக்கில் கெடாது. 20-ஐத் தாண்டினால் உள்ளேயே இருக்கும் ஈஸ்ட் விழித்துக்கொள்ளும். நுரை கட்டும், புளித்த வாடை வரும், மூடியைத் திறந்தால் சீறும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு 20 சதவீதம். இதைவிடக் கடலோரத்துக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு: 17 சொச்சம் சதவீத நீருள்ள தேன் காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 60 சதவீதமாக இருக்கும்போதுதான் சும்மா இருக்கும். காற்று அதைவிட ஈரமாக இருந்தால் தேன் காற்றிலிருந்து நீரை இழுத்துக்கொள்ளும். கணபதிபுரம், இராஜாக்கமங்கலம் துறை பக்கத்துக் காற்று வருடத்தில் பெரும்பகுதி அந்த அளவுக்கு மேலேதான். தகர டின்னிலிருந்து அகப்பையால் அள்ளி விற்கிற கடையில், பங்குனி மாதம் நல்லதாக வந்த தேன் ஆடிக்குள் கெட்டுப்போவதற்கு யாருடைய மோசடியும் தேவையில்லை.

அக்மார்க் முத்திரை இருக்கிறதே, கூட்டுறவுச் சங்கத்து மேல் நம்பிக்கை இருக்கிறதே என்பது அடுத்த ஆட்சேபம். மார்த்தாண்டத்துக்கு அந்த நம்பிக்கை சும்மா வரவில்லை. 1920-களில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப் புனரமைப்பு நிலையத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் தேன்பெட்டி வைக்கச் சொல்லிக் கொடுத்தார். 1937-இல் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. 1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்து பைப்புழு நோய் என்ற வைரஸ் தென்னிந்தியா முழுக்க அடுக்குத் தேனீக் கூட்டங்களை அழித்தபோது இந்தத் தொழிலே நின்றுபோகும் நிலை வந்து, மீண்டது. மார்த்தாண்டம் தேனுக்கு இப்போது புவிசார் குறியீடும் உண்டு. ஆனால் முத்திரை குப்பியில் அடைத்த நாளைப் பற்றிப் பேசுகிறது. குப்பி கடைத்தட்டில் இருந்த மாதங்களைப் பற்றிப் பேசாது. கருவி அந்த இடைவெளியைத்தான் நிரப்புகிறது.

ரப்பர் தேனுக்கு 20 சதவீத வரம்பே நியாயமில்லை என்று வாதிடுகிறவர்களும் உண்டு. அவர்கள் பேச்சில் உண்மை இருக்கிறது. அக்மார்க் தரங்களிலேயே 25 சதவீதம் வரை அனுமதித்த காலம் இருந்தது. இத்தாலியத் தேனீயையும் குளிர்நாட்டையும் மனத்தில் வைத்து எழுதிய எண்ணை அடுக்குத் தேனீக்கும் தென்முனை ஈரக்காற்றுக்கும் பொருத்தினால் தேன் எடுப்பவர்தான் திண்டாடுவார். வரம்புக்குள் கொண்டுவர அவர் தேனைச் சூடாக்கி நீரை ஓட்ட வேண்டியிருக்கிறது. சூடு மிஞ்சினால் எச்எம்எஃப் என்ற பொருள் ஏறும், வாசனை போகும். நீர் குறைந்த தேன் கையில் கிடைக்கும். இலைத்தேனுக்கே உரிய அந்த லேசான பசுமை வாடை நாக்கில் கிடைக்காது. என்றாலும் இதற்குத் தீர்வு அளவிடாமல் விடுவதல்ல. பெட்டியருகே ஒரு ரிஃப்ராக்டோமீட்டர் இருந்தால், அடையில் முக்கால்வாசி மூடட்டும் என்று நான்கு நாள் பொறுப்பதால் எவ்வளவு நீர் குறைகிறது என்பது எடுப்பவருக்கே தெரியும். சூடாக்குவதற்குப் பதிலாகப் பொறுத்திருக்கச் சொல்லும் கருவி அது. விலை பேசும்போதும் அவருக்கு அது துணை. ‘உன் தேன் தண்ணி’ என்று இடைத்தரகர் வாயால் சொல்லி விலையைக் குறைக்க முடியாது.

மற்றச் சரக்குகளுக்கு இது எவ்வளவு உதவும்? கருப்பட்டிக்கு உதவாது. கட்டியை ஒளி ஊடுருவாது. கரைத்துப் பார்த்தால் பனஞ்சர்க்கரையும் வெள்ளைச் சீனியும் பட்டகத்துக்கு ஒன்றுதான். சிரட்டையில் ஊற்றி எடுத்த கட்டியை உடைத்து உட்புறம் பார்ப்பதும், நாக்கில் இனிப்புக்குப் பின்னால் லேசான உப்புச்சுவை வருகிறதா என்று பார்ப்பதும்தான் வழி. உடைத்த இடம் கண்ணாடித்தூள்போல் மின்னினால் சீனி இருக்கிறது என்று சந்தேகப்படலாம். அக்கானி (பதநீர்) காலம் முடிந்து மாதங்கள் ஆன பிறகும் விலை குறைந்து மலிந்து கிடக்கிற கருப்பட்டியை வாங்காமலிருப்பது எந்தக் கருவியைவிடவும் பெரிய பாதுகாப்பு. தேங்காய் எண்ணெய் வேடிக்கையானது. ஒரு சொட்டு விட்டால் கோடு தெளிவாகவே விழும். எண்ணெயின் ஒளிவிலகலும் இந்த அளவுகோலுக்குள் அடங்குகிறது. தேங்காய் எண்ணெய்க்குச் சட்டம் 40 டிகிரியில் ஓர் ஒளிவிலகல் எண்வரம்பைச் சொல்கிறது, பாமாயில் கலந்தால் அந்த எண் மேலே ஏறும். ஆனால் இந்தக் கருவியில் வெப்பத் திருத்தம் சர்க்கரைக் கரைசலுக்கானது, எண்ணெய்க்கானதல்ல. ஈத்தாமொழி நெட்டைத் தேங்காயின் எண்ணெயை வாங்குகிறவர்கள் கண்ணெதிரே ஆட்டித் தருகிற செக்கைத் தேடிப் போவதே மேல். அது அந்த வட்டாரத்தில் கடினமும் இல்லை. கிராம்புக்கு ஒரு தம்ளர் தண்ணீர் போதும். எண்ணெய் எடுத்துவிட்ட சக்கைக் கிராம்பு படுத்தபடி மிதக்கும்.

வருடத்துக்கு இரண்டு குப்பி தேன் வாங்குகிற வீட்டுக்கு இந்தக் கருவி வீண்செலவு. அந்தப் பணத்துக்கு நல்ல தேனையே சில கிலோ வாங்கிவிடலாம். ஐந்து பெட்டி வைத்திருப்பவருக்கு முதல் பருவத்திலேயே செலவு திரும்பும். காதி, கூட்டுறவுக் கடைகள் செய்ய வேண்டியது இரண்டு காரியம்: கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ரிஃப்ராக்டோமீட்டரை வைத்துக் கேட்கிறவர்களுக்குக் காட்டுவது, குப்பியின் சீட்டில் தேன் எடுத்த மாதத்தையும் அன்றைய நீர் அளவையும் எழுதுவது. ரப்பர் தேன் எடுப்பு பெரும்பாலும் பங்குனி, சித்திரையோடு முடிகிறது. வாங்கப் போகிறவர்கள் பிராண்டைக் கேட்பதற்கு முன் எடுத்த மாதத்தைக் கேளுங்கள். திறந்த டின்னிலிருந்து அள்ளித் தருவதை வேண்டாம் என்று சொல்லுங்கள். உறைந்த குப்பி கண்ணில் பட்டால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.