தடுத்தாட்கொள்ளலும் தன்விருப்பும்: சேக்கிழார் காட்டும் சுந்தரர்

பெரியபுராணத்தைப் பாடமாக நடத்துவோர் சுந்தரர் வரலாற்றைப் பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் அடக்கிவிடுகின்றனர். உலக இன்பத்தை நாடிய இளைஞரை இறைவன் மணப்பந்தரிலேயே தடுத்து ஆட்கொண்டான் என்பது அவ்வாய்பாடு. ஆசையா, பத்தியா என்னும் வினாவுக்கு இக்காட்சியே விடையாகக் காட்டப்படுகிறது. காப்பியத்தை முழுமையாக நோக்குமிடத்து இவ்விளக்கம் நிலைபெறுதல் அரிது என்றே நாம் கருதுகிறோம்.

புத்தூரில் சுந்தரருக்குத் தெரிவு எதுவும் வழங்கப்படவில்லை. முதிய வேதியர் காட்டிய ஓலையை அவர் பறித்துக் கிழித்தெறிகிறார். அவர்தம் விருப்பம் யாதென்பதற்கு அதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. திருவெண்ணெய்நல்லூர் அவையில் மூல ஓலை வெளிப்பட, பாட்டனார் எழுதிய அடிமைச் சாசனம் பேரனைப் பிணிக்கிறது. வழக்கில் தோற்றமையால் அவர் அடிமையானார். தாமே தெரிந்து ஆகவில்லை. (மணமகளாகிய சடங்கவியார் மகளைப் பற்றிக் காப்பியம் மிகச் சுருக்கமாகவே பேசுகிறது. அவர் விருப்பத்தை எவரும் வினவவில்லை என்பதையும் மாணவர்க்குச் சுட்டலாம்.)

தடுத்த இறைவனே பின்னர்த் திருவாரூரில் பரவையாரையும், திருவொற்றியூரில் சங்கிலியாரையும் சுந்தரருக்குக் கூட்டுவிக்கிறான். கயிலையில் கமலினி, அநிந்திதை ஆகிய இருவர்மேல் மனம் போக்கியதன் பயனே இது என்னும் விடை நூலிலேயே உள்ளது; மறுப்பதற்கில்லை. ஆயினும் அனைத்தும் முன்னரே வகுக்கப்பட்டதெனின், ஒற்றியூரில் சுந்தரர் தண்டிக்கப்படுவது ஏன்?

அங்கேதான் அவருடைய தன்விருப்பு முதன்முறையாக முழு உருவில் வெளிப்படுகிறது. பிரியேன் என்று சங்கிலியாருக்குச் சூளுரைக்க இசைகிறார். அதேவேளை, திருமுன்னர் உரைக்கும் சூள் தம்மைக் கட்டிவிடுமென அஞ்சி, அவ்வேளையில் கோயிலை விடுத்து மகிழமரத்தின்கீழ் எழுந்தருளுமாறு இறைவனையே வேண்டுகிறார். மீறுவதற்கு வழி வைத்துக்கொண்டு செய்யும் சூள் இது. இதனைச் செய்யுமாறு அவரை எவரும் ஏவவில்லை. எந்த ஓலையும் கட்டாயப்படுத்தவில்லை. இறைவனோ அச்சூழ்ச்சிக்கு உடன்படுவான்போல் உடன்பட்டு, மகிழின்கீழேயே சூளைப் பெறுமாறு சங்கிலியாருக்கு உணர்த்திவிடுகிறான்.

சூளை மீறச் செய்தது எது என்பது இன்னும் நுணுகி நோக்கத்தக்கது. ஆரூர்ப் பெருமானையும் வசந்த விழாவையும் நினைந்தே சுந்தரர் ஒற்றியூரை நீங்குகிறார். ஆரூரில் பரவையாரும் உளர் என்பதை நாம் மறக்கவில்லை. எனினும் சேக்கிழார் முன்னிறுத்துவது இறைவனைக் காணும் வேட்கையையே. அவ்வேட்கையால் ஒரு பெண்ணுக்குக் கொடுத்த சொல்லைக் கைவிட்டவரின் கண்ணொளியை அவ்விறைவனே பறிக்கிறான். பத்தியைத் தெரிந்தவர் பாராட்டப்படுவார் என்று எதிர்பார்க்கும் வாசகர் இங்கே திகைக்கவே வேண்டும். ஆசை ஒரு பக்கம், பத்தி ஒரு பக்கம் என்று வரைந்த கோடு இவ்விடத்தில் அழிந்துபோகிறது. எஞ்சுவது, தானே கொடுத்த சொல்லுக்குத் தான் பொறுப்பாவானா என்னும் வினாவே.

இந்நிகழ்ச்சிகளைச் சேக்கிழார் தடுத்தாட்கொண்ட புராணத்தில் வைக்காமல் ஏயர்கோன் கலிக்காமர் புராணத்தில் வைத்தமை நம் ஆய்வுலகில் போதிய கவனம் பெறவில்லை. பெண்ணொருத்தியின் ஊடல் தீர்க்க இறைவனையே தூது விடுத்தவர் என்று சுந்தரரைக் கடிந்தவர் கலிக்காமர். இன்றைய வாசகர் எழுப்பக்கூடிய மறுப்பைக் காப்பியத்துக்குள்ளேயே எழுப்பும் பாத்திரம் அவர். இறைவன் அவருக்குச் சூலைநோய் தந்து, அதனைச் சுந்தரரே தீர்ப்பாரென அறிவிக்கிறான். அவரால் தீர்வதினும் இறப்பதே மேல் என்று கலிக்காமர் தம் வயிற்றைக் கிழித்துக்கொள்கிறார். இறைவனின் ஆணைக்கு உட்படாத இத்தெரிவைச் சேக்கிழார் பழிக்கவில்லை. அருளால் உயிர்பெற்றெழுந்து, தம்மைத் தொடர்ந்து உயிர்விடத் துணிந்த சுந்தரரின் கையைப் பற்றித் தடுப்பவரும் கலிக்காமரே. புத்தூரில் இறைவன் செய்த தடுத்தலை இங்கே செய்பவர், சுந்தரரை ஏற்க மறுத்த ஓர் அடியார்.