மே தினம்: வாழ்த்தும் வேலை நேரமும்

"தொழிலாளர் தினம்" என்பதைவிட "உழைப்பாளர் தினம்" என்பதுதான் இப்போது போஸ்டரிலும் டிவியிலும் அதிகம் கண்ணில் படுகிறது. இரண்டும் ஒன்றுதானே என்பீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொழிலாளி என்று சொன்னால் எதிரே ஒரு முதலாளி நிற்கணும். உழைப்பாளி என்றால் யாரும் நிற்க வேண்டியதில்லை. "நானும் உழைச்சுத்தான் மேல வந்தேன்" என்று முதலாளியும் கூட்டத்தில் சேர்ந்துகொள்ளலாம். ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ் பார்த்தேன்: உழைப்பாளர் அனைவருக்கும் கடை உரிமையாளரின் மே தின வாழ்த்து. கடை திறந்திருந்தது.

1886-ல் சிகாகோவில் கேட்டது வாழ்த்து இல்லை, எட்டு மணி நேர வேலை. 1923-ல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடியபோது இங்கே அது லீவு நாளே கிடையாது. லீவு பின்னாடி வந்தது. தமிழ்நாட்டின் 1958-ம் வருட விடுமுறைச் சட்டத்தில் மே 1-ம் உண்டு. அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது சம்பளத்தோடு மாற்று விடுமுறை. என்.எஸ்.பி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப்போட்ட அம்மாவிடம் இதைக் கேட்டேன். "அதெல்லாம் யாருண்ணே தர்றா, கலர் பாருங்க" என்றார்.

திருச்சிக்காரர்களுக்கு மே 1-ஐவிட நெருக்கமான நாள் ஒன்று இருக்கிறது. 1946 செப்டம்பர் 5. தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது பொன்மலையில் மலபார் சிறப்புப் போலீஸ் சுட்டதில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். சங்கத் திடலில் வருஷா வருஷம் அஞ்சலி நடக்கிறது. காலண்டரைக் கிழித்தால் அன்று ஆசிரியர் தினம். லீவாக ஆகாததால்தானோ என்னவோ, அந்த நாளை யாரும் வழுவழுப்பாக்கவில்லை.

அதற்காக மே 1 வெறும் சடங்காகிவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். 2023 ஏப்ரல் 21 அன்று தினசரி வேலை நேரத்தை 12 மணி வரை நீட்டிக்க வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் சட்டசபையில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன, தொழிற்சங்கங்கள் கொதித்தன. மூன்றே நாளில் நிறுத்திவைத்தார்கள். மசோதாவை வாபஸ் வாங்கியதாக முதல்வர் அறிவித்த இடம், சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்கா; நாள், மே 1. அந்த வருஷம் மேடையில் பேச்சு மறுபடியும் மணிக்கணக்கைப் பற்றித்தான்.