பாஸ் பொத்தானில் ஒரு விரல்

வானொலிப் பாட்டைக் கேசட்டில் பிடித்தவர்களுக்கு அறிவிப்பாளர்தான் முதல் எதிரி. பாட்டு முடிவதற்குள் குரலை நுழைப்பார். முன்னிசை ஓடும்போதே வானிலை சொல்வார். அதனால் ரெக்கார்டையும் பிளேயையும் சேர்த்து அழுத்திவிட்டு, பாஸ் பொத்தான்மேல் விரலை வைத்துக் காத்திருக்கப் பழகினார்கள். 1984 வாக்கில், ஜெர்மனியின் வடகடலோரத்தில் உள்ள வில்ஹெல்ம்ஸ்ஹாஃபென் ஊரில் ஓர் இளைஞர் அப்படித்தான் வட ஜெர்மன் வானொலியிலிருந்து பாட்டுகளைப் பிடித்தார். பேச்சை வெட்டி எறிந்துவிட்டுப் பாட்டை மட்டும் வைத்துக்கொள்வதில் அவர் தேர்ந்தவர். அந்தத் தேர்ச்சிதான் வினையாயிற்று. ஒரு பாட்டுக்கு முன்னும் பின்னும் அறிவிப்பாளர் சொன்ன குழுவின் பெயரும் வெட்டுப்பட்டுப் போயிற்று.

இருபது ஆண்டு கழித்து, 2004இல், கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றும்போது பெயர் தெரியாத பாட்டுகளை அவர் தனியே பட்டியலிட்டார். ஜாய் டிவிஷன் குழுவின் முதல் முழுநீள இசைத்தட்டுப் பெயரான ‘அன்நோன் பிளஷர்ஸ்’ என்பதையே பட்டியலுக்கும் வைத்தார். 2007இல் அவருடைய சகோதரி அதிலிருந்து ஒரு துண்டை இணையத்தில் போட்டு ‘இது யாருடையது?’ என்று கேட்டார். பதில் 2024 நவம்பர் 4 அன்று வந்தது. பாட்டின் பெயர் ‘சப்வேஸ் ஆஃப் யுவர் மைண்ட்’. குழுவின் பெயர் ஃபெக்ஸ். ஊர், பால்டிக் கடலோரத்துக் கீல்.

இதை ‘தொலைந்த குழு கண்டெடுக்கப்பட்டது’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்த வாக்கியத்தில் ஒரு சங்கடம். துரே ரூக்வார்ட், மிஷாயேல் ஹெட்ரிஷ் முதலிய அந்த நால்வரும் எங்கும் தொலைந்து போகவில்லை. பாட்டை எழுதியவர்களுக்கு அது தங்கள் பாட்டு என்று தெரியும். அதை யாரோ தேடுகிறார்கள் என்பது மட்டுமே தெரியாது. பாட்டுக்கும் பெயருக்கும் நடுவிலிருந்த ஒரு நூல்தான் அறுந்திருந்தது. ஜெர்மன் நியூ வேவ் இசையில் கடந்த கால் நூற்றாண்டாக நடந்துவரும் மீட்பு வேலைகளைப் பார்த்தால், ஒவ்வொன்றிலும் அறுந்த நூல் வேறு வேறாக இருக்கிறது. சில குழுக்களுக்குப் பெயர் இருந்தது, கேட்க ஆள் இல்லை. சிலருக்குக் கேட்பவர் இருந்தும் கிடைக்க இசைத்தட்டு இல்லை. இன்னும் சிலருடைய இசைக்கு அது இன்ன வகை என்று சொல்ல ஒரு சொல்லே அன்று இல்லை.

அந்தக் காலத்தின் இசைப் பெருக்கத்தைச் சொல்லாமல் இது விளங்காது. ஹாம்பர்க் நகரத்து விமர்சகர் ஆல்ஃபிரட் ஹில்ஸ்பெர்க் 1979 அக்டோபரில் ‘சவுண்ட்ஸ்’ இதழில் எழுதத் தொடங்கிய கட்டுரைகளால் ‘நோய டாய்ச்ச வெல்ல’, அதாவது புதிய ஜெர்மன் அலை, என்ற சொல் பரவியது. மறுஆண்டே அவர் ட்ஸிக்ட்ஸாக் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் 1981இல் வெளியிட்ட ஒரு தொகுப்பின் பெயர் ‘குறைவாய் இருப்பதைவிட அதிகமாய் இருக்கட்டும்’ என்று பொருள்படும். கணக்குப் பார்க்காத அந்த மனநிலையை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. டுசெல்டார்ஃபில் ராட்டிங்கர் ஹோஃப் என்ற மதுக்கடை ஓவியக் கல்லூரி மாணவர்களும் பங்க் பிள்ளைகளும் முட்டிக்கொள்ளும் இடமாயிற்று. அங்கிருந்து டாஃப் குழு வந்தது. டெர் பிளான் குழுவினர் அட்டா டாக் நிறுவனத்தை நடத்தினார்கள். மேற்கு பெர்லினில் 1981 செப்டம்பரில் டெம்போட்ரோம் கூடாரத்தில் நடந்த விழாவின் பெயரே ‘ஜெனியால டில்லெடான்டன்’. மேதைக் கற்றுக்குட்டிகள் என்று கொள்ளலாம். எழுத்துப்பிழையோடுதான் அச்சடித்தார்கள், அப்படியே நிலைத்தும்விட்டது.

இசைத்தட்டு அடிக்கக் காசு இல்லாதவர்களுக்குக் கேசட் இருந்தது. வீட்டு டெக்கில் இருபது, முப்பது, ஐம்பது பிரதி எடுத்து, ஜெராக்ஸ் அட்டை செருகி, தபாலில் விற்றார்கள். இவர்களுக்கு ‘கசெட்டன்டேட்டர்’ என்று பெயர். ‘டேட்டர்’ என்றால் குற்றவாளி. கேசட் குற்றவாளிகள்! ஐம்பது பிரதி என்றால் ஐம்பது அலமாரிகள். அதில் எத்தனை ஈரத்தில் கெட்டன, எத்தனையின் மேல் வேறு பாட்டு பதியப்பட்டது என்று யார் கணக்கெடுப்பது?

அலையைப் பெரிய நிறுவனங்கள் மோப்பம் பிடித்ததும் கதை மாறியது. 1982இல் ட்ரியோ குழுவின் ‘டா டா டா’. அடுத்து நேனாவின் ‘99 லுஃப்ட்பலோன்ஸ்’, 1984 தொடக்கத்தில் அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. ஜெர்மனில் பாடினால் போதும், ஒப்பந்தம் கிடைக்கும் என்ற நிலை. கண்டதையெல்லாம் அடித்துக் கடைகளில் குவித்தார்கள். ஓரிரு ஆண்டில் கேட்பவர்களுக்குத் திகட்டிவிட்டது. 1984இல் அலை வடிந்த கரையில்தான் ஃபெக்ஸ் நின்றது. அதிலும் ஆங்கிலத்தில் பாடியது. ஜெர்மன் மொழி மோகத்துக்குப் பிந்தியும், லண்டன் சந்தைக்கு அந்நியமாகவும் இருந்த ஒரு குழுவைக் கீலில் வந்து தேட எந்த நிறுவனத்துக்கும் காரணம் இருக்கவில்லை.

ஆனால் வானொலிக்குக் காரணம் இருந்தது. ஜெர்மனியில் தனியார் வானொலி 1984இல்தான் சோதனையாகத் தலைகாட்டியது. கீல் இருக்கும் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தில் முதல் தனியார் நிலையம் 1986 ஜூலையில் வந்தது. அதுவரை வடபகுதியின் பெரும்பகுதியில் பொது நிறுவனமான வட ஜெர்மன் வானொலியின் ஆட்சி. அதன் இளைஞர் நிகழ்ச்சிகளில் வெளியாகாத டெமோ நாடாவுக்கும் இடம் கிடைத்தது. கீல் குழுவின் பாட்டு காற்றில் ஏறி வில்ஹெல்ம்ஸ்ஹாஃபெனில் இறங்கியது அப்படித்தான். இரண்டுமே பழைய கடற்படைத் துறைமுகங்கள். 1918இல் மாலுமிகளின் கலகம் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபென் கப்பல்களில் மூண்டு கீலுக்குப் போய்ப் புரட்சியாக வெடித்தது. பாட்டு எதிர்த்திசையில் பயணித்தது. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது தெரியும். ஆனாலும் வரைபடத்தை விரித்தபோது கண்ணில் பட்டதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

தேடியவர்கள் என்னென்ன செய்தார்கள் என்பது தனி அத்தியாயம். சூடு பிடித்தது 2019இல், பிரேசில் நாட்டுப் பதின்வயதுப் பையன் ஒருவனால். தெளிவில்லாத உச்சரிப்பிலிருந்து வரிகளை ஊகித்து, அந்த ஊகத்திலிருந்து பெயரை ஊகித்தார்கள். மூன்று நான்கு பெயர்கள் புழங்கின; எல்லாமே தப்பு. பின்னணியில் ஒலிக்கும் சிந்தசைசர் யமஹா டிஎக்ஸ்7 போலிருக்கிறது, அது 1983இல்தான் கடைக்கு வந்தது, ஆகவே பாட்டு அதற்கு முந்தியதாக இருக்க முடியாது என்று கணித்தார்கள். ஒலியை அலைவரிசைப் படமாக்கியபோது சுமார் 10 கிலோஹெர்ட்ஸ் உயரத்தில் நேர்கோடு ஒன்று தெரிந்தது. அதே கேசட்டில் அதே வானொலியிலிருந்து பிடித்த மற்றப் பாட்டுகளிலும் அந்தக் கோடு இருந்தது. வானொலி எது என்ற ஐயம் அதோடு நீங்கிற்று. அந்த நாளைய புகழ்பெற்ற அறிவிப்பாளர், மான்செஸ்டரில் பிறந்த பால் பாஸ்கர்வில்லைக் கேட்டார்கள். அவருக்கும் தெரியவில்லை. தன் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் பாட்டு போட்ட மனிதர் அவர்!

இத்தனை துப்பறிதலும் ஓர் ஊகத்தின் மேல் நின்றது: பதிவுகள் எங்காவது ஒரு பட்டியலில் இருக்கும். ஜெர்மானியர்கள் எதையும் பதிவேட்டில் ஏற்றுவார்கள் என்ற நம்பிக்கை வேறு. ஆனால் இசைத்தட்டாக வெளிவராத பாட்டு எந்த விற்பனைப் பட்டியலிலும் ஏறாது. கடைசியில் கைகொடுத்தது பழைய செய்தித்தாள். வட ஜெர்மன் வானொலியின் ‘ஹோர்ஃபெஸ்ட்’ போட்டியில் பங்கேற்ற குழுக்களைப் பற்றிய செய்திகளை ஒருவர் பொறுமையாகப் புரட்டி, ஃபெக்ஸ் என்ற பெயரைப் பிடித்து, மியூனிக்கில் வாழும் ஹெட்ரிஷுக்கு எழுதினார். அவரிடம் நாடா இருந்தது. உலகின் பல மூலைகளில் கணினியில் துழாவியதை உள்ளூர்ச் செய்தித்தாளின் ஒரு மூலை வைத்திருந்தது. கையில் வெண்ணெய் இருக்க நெய்க்கு அலைந்த கதைதான். ஆனால் அலையாமல் இருந்திருந்தால் வெண்ணெய் இருப்பதே தெரிந்திராது.

இனி மற்றவர்கள். ஹாம்பர்க் பெண்கள் ஐவர் தொடங்கிய எக்ஸ்மால் டாய்ச்லாண்ட் குழுவுக்குப் பெயர்ப் பிரச்சினையே இருந்ததில்லை. 1982இல் ட்ஸிக்ட்ஸாக்கில் ‘இன்குபுஸ் சுக்குபுஸ்’, 1983இல் லண்டனின் 4ஏடி நிறுவனத்தில் ‘ஃபெட்டிஷ்’. ஜெர்மனில் பாடியே இங்கிலாந்தைக் கேட்க வைத்தவர்கள். குழு கலைந்தபின் பாடகி அன்யா ஹூவ ஓவியத்துக்குப் போனார். 2024இல் அவருடைய தனி இசைத்தட்டும், குழுவின் 1981, 1982 காலத்து ஆரம்பப் பாட்டுகளின் மறுவெளியீடும் அமெரிக்காவின் சேக்ரட் போன்ஸ் நிறுவனத்திலிருந்து ஒன்றாக வந்தன. இங்கே மீண்டது பெயர் அல்ல, இசைத்தட்டு. பழைய பிரதிகள் சேகரிப்பாளர் விலைக்குப் போய்விட்டன. பாட்டு இருந்தும் கைக்கு எட்டாத நிலை.

லியேசோன் டாஞ்செரஸ் குழுவின் கதை வேறு. கிறிஸ்லோ ஹாஸும் பியாட்டே பார்டெலும் ஒரு பாடகரோடு சேர்ந்து 1981இல் இசைத் தயாரிப்பாளர் கோன்னி பிளாங்கின் ஸ்டூடியோவில் பதிந்த ஒரே இசைத்தட்டு. அதிலிருந்த ஸ்பானிஷ் பாட்டு டெட்ராய்ட் நடனக் கூடங்களைப் பற்றிக்கொண்டது. டெக்னோ பிறந்த தொட்டிலில் அதன் தாளமும் கிடந்தது. உள்ளூரில் மறந்ததை வெளியூர் மறக்காமல் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தது. ட்ரியோவைத் திருப்பிக் கொடுத்ததோ 1997இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடிய கார் விளம்பரம். எல்லா மீட்பும் புனிதமானது அல்ல.

வகைப்பெயர் விஷயம்தான் எனக்கு மிகவும் சுவையாகத் தோன்றுவது. நியூயார்க்கில் வெரோனிகா வசிக்கா 2005இல் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் மினிமல் வேவ். எண்பதுகளில் படுக்கையறையில் மலிவான சிந்தசைசரும் தாளப் பெட்டியும் வைத்துப் பதிந்த பல நாட்டுக் குழுக்களை அவர் திரட்டினார். நிறுவனத்தின் பெயரே பின்னர் இசை வகையின் பெயராயிற்று. அந்தக் குழுக்கள் எவையும் தங்களை ‘மினிமல் வேவ்’ என்று அழைத்துக்கொண்டதில்லை. ஒருவரையொருவர் கேள்விப்பட்டதுகூட அரிது. கடையில் தட்டு அடுக்க ஓர் அட்டை எழுதியதும் சிதறிக் கிடந்தவர்கள் குடும்பமானார்கள். இதற்கு முன்பே, 2003இல், கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் ஃபிரீட்ரிஷ்ஸ்ஹாஃபெனிலிருந்து ஃப்ராங்க் மாயர் ‘வைனல் ஆன் டிமாண்ட்’ என்ற பெயரில் பழைய கேசட்டுகளைக் கனத்த இசைத்தட்டுப் பெட்டிகளாகச் சந்தாதாரர்களுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தார். சிறு விலைக்கு விற்றது செல்வந்தர் அலமாரிக்குப் போகிறது என்ற குறை நியாயமானதே. ஆனால் நாடாவின் காந்தத்தூள் உதிர்வதற்குள் யாராவது செய்தாக வேண்டிய வேலை அது.

இந்த ஆர்வத்துக்கு ஜெர்மனியில் தூபம் போட்டது ஒரு புத்தகம்: யூர்கன் டைபெல் 2001இல் வெளியிட்ட ‘ஃபெர்ஷ்வென்ட டைன யூகெண்ட்’. அன்றைய ஆட்களின் வாய்மொழிகளையே வெட்டி ஒட்டி அமைத்த நூல். மறுஆண்டு டுசெல்டார்ஃப் கலைக்கூடம் அதே காலத்தைப் பற்றிக் கண்காட்சி வைத்தது. அருங்காட்சியகம் ஏறியதும் மதிப்பு வரும். ஆனால் அந்த மதிப்பு டுசெல்டார்ஃபுக்கும் ஹாம்பர்க்குக்கும் பெர்லினுக்கும் வந்த அளவில் கீலுக்கு வரவில்லை. அலையின் வரலாறு மூன்று நகரங்களின் வரலாறாக எழுதப்பட்டதுதான் ஃபெக்ஸ் இத்தனை காலம் அகப்படாததற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சுவருக்கு அந்தப் பக்கம், கிழக்கு ஜெர்மனியில், கேசட் வசதிக்காகத் தேர்ந்த வடிவம் அல்ல. வேறு வழியே இல்லை. பாப் இசை வெளியிட அரசின் அமிகா ஒன்றுதான். மேடையேறவும் அரசு அனுமதிச் சீட்டு வேண்டும். கார்ல்-மார்க்ஸ்-ஷ்டட்டின் ஏ.ஜி. கைக, கிழக்கு பெர்லினின் ஒர்னமென்ட் உண்ட் ஃபெர்பிரெஹன் போன்றவர்கள் வீட்டில் பதிந்து, கையால் அட்டை வரைந்து நண்பர்களுக்குள் சுற்றவிட்டார்கள். அந்த நாடாக்களை ‘டேப்டோபியா’ என்ற மறுவெளியீட்டு வரிசை இசைத்தட்டாக்கி வருகிறது. அங்கே பெயர் போடாமல் இருப்பது சில வேளை பாதுகாப்பு. மேற்கே பெயர் தவறி விழுந்தது. கிழக்கே மறைத்தும் வைத்திருக்கிறார்கள். தேடுபவர்கள் இந்த வேறுபாட்டை மதிக்க வேண்டும்.

ஃபெக்ஸின் பாட்டைப் பற்றி நேர்மையாக ஒன்று. அது நல்ல பாட்டு. மாபெரும் பாட்டு என்று நான் சொல்லமாட்டேன். தாழ்ந்த ஆண்குரல், குளிர்ந்த சிந்தசைசர், விரைந்து போகும் தாளம். அந்த ஆண்டில் இப்படிப் பாடியவர்கள் பலர். பதினேழு ஆண்டு பெயரில்லாமல் இருந்ததால் கேட்பவர் ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியதை அதில் ஊற்றிக்கொண்டார்கள். பெயர் தெரிந்த அன்று சிலருக்கு ஏதோ பறிபோனதுபோல் இருந்திருக்கும். குழுவுக்கோ நாற்பது ஆண்டு கழித்துக் கதவு தட்டும் சத்தம். 2025இல் பாட்டு தன் சொந்தப் பெயரோடு முறையாக வெளியாயிற்று.

இரண்டு பிரதிகளையும் அடுத்தடுத்துக் கேட்டேன். வெளியீட்டுப் பிரதி தெளிவு; டிரம்ஸ் தனியாக, குரல் தனியாகத் தெரிகிறது. ஆனாலும் என் கை மங்கலான வானொலிப் பிரதிக்கே போகிறது. அதில்தான் அந்த 10 கிலோஹெர்ட்ஸ் கோடு இருக்கிறது. காதுக்கு எளிதில் எட்டாத ஒரு மெல்லிய விசில் அது. காற்றில் வந்தபோது பட்ட தழும்பு. குழுவின் கையிலிருந்த நாடாவில் அது இருந்திருக்க வழியே இல்லை.