பையும் பார்வையும்

கையிலே உள்ள பையைக் கண்டே ஆளின் தரத்தை அளந்துவிடலாம் என்று எண்ணும் பழக்கம் நம் நாட்டிலே நெடுங்காலமாக உண்டு. நெற்றியைப் பார்த்துக் குலம் அறியவும், தெருவின் பெயரைக் கேட்டுச் சாதி அறியவும் பழகிப்போன சமுதாயம், பையை மட்டும் விட்டுவைக்குமா? தோல் பை என்றால் துரைமகன். மஞ்சள் பை என்றால் பட்டிக்காட்டான்! திரைப்படக்காரர்கள் இந்தப் பாடத்தைப் பிசகாமல் கற்றுக்கொண்டனர். பட்டணத்து இரயில் நிலையத்திலே திருதிருவென விழிக்கும் ஏமாளியைக் காட்ட வேண்டுமா? கையிலே ஒரு மஞ்சள் பை, அது போதும். வசனமே வேண்டாம், கொட்டகை சிரிக்கும்.

எதைக் கண்டு சிரித்தோம்? வழக்கு மன்றத்துக்கு வந்த உழவனின் பையிலே நிலப் பத்திரம் இருந்தது. மகனுக்குக் கல்லூரியிலே இடம் கேட்டு வந்த தந்தையின் பையிலே மதிப்பெண் சான்றிதழும், மாற்று வேட்டியும், கட்டுச் சோறும் இருந்தன. தலைமுறையிலே முதன்முதலாகப் படிப்பை நாடி வந்த குடும்பத்தின் நம்பிக்கை அந்தத் துணிக்குள்ளே மடிந்து கிடந்தது. அதை நகைப்புப் பொருளாக்கிய கலையைக் கலை என்று ஒப்ப நம்மால் இயலாது.

இன்று காட்சி மாறியிருக்கிறது. 2018ஆம் ஆண்டு சூன் திங்களில் ஆணையிட்டு, 2019 சனவரி முதல் நாள் தொட்டு, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழக அரசு தடை செய்தது. 2021 திசம்பர் 23இல் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கப்பெற்றது. நேற்று எள்ளப்பட்ட பை இன்று ஏற்றம் பெறுகிறது. மகிழ்கிறோம்! மங்கல நிறம் என்று திருமண வீட்டார் தேங்காயும் வெற்றிலையும் இட்டுத் தந்த பை, சகுனத்தைக் கழற்றி எறிந்துவிட்டு அறிவியலின் துணையோடு கடைத்தெருவுக்கு வருகிறது. பகுத்தறிவாளர் வரவேற்க வேண்டிய மாற்றமே இது.

ஆனால், பழைய நோய் புது வடிவிலே தலைகாட்டுவதையும் காண்கிறோம். துணிப் பை தாங்கியவர் நல்லவர், தாங்காதவர் பொல்லாதவர் என்று ஒரு புதுத் திருநீறு பூசப்படுகிறது! கணக்கு என்ன சொல்கிறது? ஒரே முறை பயன்பட்டுக் குப்பைக்குப் போகும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பத்துக்குக் குறைந்த கேடு செய்ய வேண்டுமானால், பருத்திப் பையைக் குறைந்தது 131 முறை பயன்படுத்த வேண்டும் என்று இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் துறை 2011இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. விழாவுக்கு விழா ஒரு பை வாங்கி அலமாரியிலே அடுக்குபவர் எந்தத் தொண்டும் செய்தவராகார். பையின் பெருமை நிறத்திலே இல்லை. அதன் நைந்த கைப்பிடியிலே இருக்கிறது.

நைந்த கைப்பிடிகளைக் காண இராமநாதபுரக் கடற்கரைக்கு வாருங்கள், தோழர்களே! பனை ஓலையிலே முடைந்த கொட்டானும் பெட்டியும் அங்கே தலைமுறை தலைமுறையாகப் புழங்குகின்றன. பாம்பன் வட்டாரத்துப் பெண்கள் இடுப்பிலே வலைப் பையைக் கட்டி, பாறை கிழிக்காதிருக்க விரல்களிலே துணி சுற்றி, கடலிலே மூழ்கிப் பாசி சேகரிக்கின்றனர். மூச்சை அடக்கி அவர்கள் நிரப்பும் அந்தப் பைக்கு மேடையும் இல்லை, மாலையும் இல்லை.

அதே தீவிலே இராமேசுவரத்து அக்கினி தீர்த்தத்தையும் பாருங்கள். உடுத்திய துணியைக் கடலிலே விட்டால் பாவம் தொலையும் என்று நம்பி, நல்ல துணியை நீரிலே நழுவவிடுவோர் இன்றும் உளர். எத்தனையோ பைகள் தைத்திருக்கலாம் அத்துணியிலே! பாவம் தொலைந்ததோ இல்லையோ, கடலுக்குக் குப்பை சேர்ந்தது. துணியாயினும் மூடநம்பிக்கையின் கையிலே சிக்கினால் குப்பைதான்.

இன்னொன்றும் நினைவிலே நிற்க வேண்டும். மஞ்சள் பைக்கு மகுடம் சூட்டிய அதே 2021 திசம்பரிலேதான், குமரிக் கடற்கரையின் குளச்சலிலே, மீன் விற்றுத் திரும்பிய மூதாட்டி ஒருவர், மீன் நாற்றம் வீசுகிறது என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். முதலமைச்சர் கண்டித்தார், ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். நன்று. ஆயினும், அவரை இறக்கிவிட்ட பார்வை ஓர் ஊழியருடையது மட்டுமா? மீனைச் சுவைத்துவிட்டு மீன் கூடையைக் கண்டு மூக்கைப் பொத்துகிற நம் அனைவரின் பார்வையும் அதுவே அன்றோ?

மீன் கூடையும் மஞ்சள் பையும் ஒரே இனம். இரண்டும் மீண்டும் மீண்டும் பயன்படுவன. இரண்டும் உழைப்போரின் கையிலே வளர்ந்தன. படித்தவர் தோளேறியதும் ஒன்று பண்பாடாகிறது. மற்றொன்று இன்னும் நாற்றமாகவே இருக்கிறது! ஆகவே, பை அதைத் தூக்குபவரைக் காட்டுவதைவிட, பார்ப்பவரையே மிகுதியாகக் காட்டிக்கொடுக்கிறது என்கிறோம்.

இளைஞர்களே, துணிப் பை எடுத்துச் செல்லுங்கள். நூறு முறையல்ல, கிழியும் வரை. அத்துடன், கூடை சுமந்து பேருந்தேறும் தாய்க்கு இடம் கொடுத்து எழுந்து நில்லுங்கள். முன்னது சூழலைக் காக்கும். பின்னது சமுதாயத்தைத் திருத்தும்.